அஷ்டமி நவமியில் தைத்த பாய்

என் பாயின் நட்டநடுவில் ஒரு பட்டுப்புடவை செருப்போடு நின்றுகொண்டிருந்தது.

புடவைக்குள் ஓர் அம்மா இருந்தார். ஒரு கையில் போன், இன்னொரு கையில் மல்லிகைப் பந்து, நெற்றியில் வியர்வையோடு கரைந்து இறங்கும் குங்குமம். இடம், மயிலாப்பூரில் ஒரு கல்யாண மண்டபம். போன முகூர்த்தத்தின் சாம்பாரும் அன்றைய பினாயிலும் கலந்த ஒரு வாசனை. நான் தரையில் முட்டி போட்டு, இரண்டு பக்கமும் ஒட்டுகிற டேப்பைப் பல்லால் கடித்துக்கொண்டிருந்தேன்.

“ஏம்மா, யாரு நீ? எங்க மண்டபத்துல கூடாரத்த விரிச்சிப் போட்டு உக்காந்திருக்க?”

“கூடாரம் இல்லம்மா, படகோட பாய்” என்றேன். டேப்பைக் கடித்தபடி சொன்னதால் அவருக்கு என்ன கேட்டதோ தெரியவில்லை. வாசல் பக்கம் திரும்பிக் கத்தினார்.

“இங்கன வாங்க, இந்தப் பிள்ள என்னமோ உளறுது!”

வாசலில் யாரும் இல்லை. மண்டபத்தில் மொத்தமே நாங்கள் மூன்று பேர்தான். அந்த அம்மா, நான், பாயின் கிழிசலுக்குப் பக்கத்தில் தையல் மெஷினைப் போட்டு உட்கார்ந்திருந்த எத்திராஜ் அண்ணன். அவர் தலை நிமிராமலே சொன்னார்: “செருப்ப அவுத்துட்டு நில்லும்மா. ஷூட்டிங் துணி.”

ஷூட்டிங் துணி இல்லை. அதை அவருக்கு இரண்டு நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

தீவும் ஸ்பேனரும்

இந்தத் தொடரை இந்த வாரம்தான் கையில் எடுக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நானும் என் அண்ணன் அருணும் அடையாறில் வளர்ந்தவர்கள். இரண்டு பேரும் கம்ப்யூட்டர் வேலை பார்த்தோம். நான் வேலையை விட்டேன், அவன் ஒரு வருஷம் சம்பளமில்லாத விடுப்பு வாங்கினான். அந்தமானில் யாரோ கைவிட்டுப் போன முப்பது அடிப் பாய்மரப் படகு ஒன்றை வாங்கி, “கொசு” என்று பெயர் வைத்து, தீவு தீவாகச் சுற்றக் கிளம்பினோம்.

சுற்றுவது என்றால் என்னவென்று ரீல்ஸ் பார்த்துத்தான் எனக்கும் தெரியும். நீலத் தண்ணீர், வெள்ளை மணல், படகின் மூக்கில் கால் தொங்கவிட்டு உட்கார்ந்திருக்கும் ஒரு பெண், கையில் இளநீர். அந்தப் பெண்ணுக்குப் பின்னால், கேமராவுக்கு எட்டாத இடத்தில், ஒருவன் கழிப்பறை பம்ப்பைக் கழற்றிக்கொண்டிருப்பான் என்பதை எந்த ரீலும் காட்டுவதில்லை.

எங்கள் படகில் அந்த ஒருவன் அருண். முதல் மாதம் பம்ப். அடுத்து இன்ஜினில் தண்ணீர் கசிவு. பிறகு சுக்கான். மேல் கதவின் ரப்பர் பிய்ந்து மழை உள்ளே கொட்டியபோது, பக்கத்து ஊர்க் கடையில் கிடைத்த பெரிய குக்கர் கேஸ்கட்டை வெட்டி ஒட்டினோம். மழை நின்றது. அம்மா மட்டும் வீடியோ காலில் அதைப் பார்த்துவிட்டு, “விசில் வருதா?” என்று கேட்டாள்.

ஒரு தீவில் நங்கூரம் போடுவோம். எதையாவது கழற்றுவோம். சாமானுக்கு ஆள் அனுப்புவோம். அது வரும்வரை அந்தத் தீவு அழகாக இருக்கும். சாமான் வந்ததும் தப்பான அளவு என்று தெரியும். பிறகு அந்தத் தீவைப் பார்க்கவே பிடிக்காது. இப்படியாக, விடுப்பு பெரும்பாலும் கரைந்த பிறகு, கிளம்பிய இடத்திலிருந்து கண்ணுக்குத் தெரிகிற தூரம்வரை உலகம் சுற்றியிருந்தோம்.

மாசி பிறந்த சமயம். எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்து, தெற்கே இருக்கும் தீவுகளுக்குப் பாயை விரித்தோம். பெரிய காற்றுகூட இல்லை. ‘சர்ர்ர்’ என்று ஒரு சத்தம், ஜவுளிக்கடையில் வேட்டி கிழிப்பது மாதிரி. பெரிய பாய் ஓரத்திலிருந்து உள்ளே, ஒரு ஆள் நீட்டிப் படுக்கிற நீளத்துக்குப் பிரிந்து தொங்கியது. துணி நன்றாகத்தான் இருந்தது. பல வருஷ வெயிலில் தையல் நூல்தான் செத்துப்போயிருந்தது.

அருண் அன்று கோபப்படவில்லை. அதுதான் பயமாக இருந்தது. பாயை மடித்து வைத்துவிட்டு, டீ போட்டு, எனக்கும் ஒரு டம்ளர் கொடுத்துவிட்டுச் சொன்னான்.

“நித்தி, அந்த ரிசார்ட்காரர் மறுபடி போன் பண்ணார்.”

அந்த ரிசார்ட்காரருக்குக் கொசுவின் மேல் ஒரு கண். கடலுக்காக இல்லை. படகை மணலில் நிறுத்தி, வயிற்றில் ஜன்னல் வெட்டி, இளநீர்க் கடை வைப்பதற்கு.

“நீ என்ன சொன்ன?”

“ஞாயித்துக்கிழமை வரச் சொல்லிட்டேன். அதுக்குள்ள பாய் தைச்சு வந்து, ஏத்தி, காத்துல நின்னா நாம தெக்க போறோம். இல்லன்னா இளநி. எனக்கு இதுக்கு மேல முடியல.”

காற்றும் அவன் பக்கம்தான் இருந்தது. பங்குனி வந்தால் அது ஓய்ந்துவிடும், அவன் விடுப்பும் முடிந்துவிடும். ரிசார்ட்காரர் மட்டும் இருப்பார். நான் பாயைச் சுருட்டிக்கொண்டு சென்னைக்கு விமானம் ஏறினேன். விமான நிலையத்தில் “உள்ளே என்ன?” என்று கேட்டார்கள். “துணி” என்றேன். ஆள் உயரப் பையைப் பார்த்துவிட்டு, “எத்தனை பேரோடது?” என்றார் அந்த அதிகாரி.

தரை கிடைக்காத ஊர்

சென்னையில் எல்லாம் கிடைக்கும். தி.நகரில் ஒரு சுற்றுச் சுற்றினால் கெட்டி நூல் கிடைத்தது, ஊசி கிடைத்தது, டேப் கிடைத்தது, நான் கேட்காத நைட்டிகளும் கிடைத்தன. கிடைக்காதது ஒன்றே ஒன்று. தரை.

கிழிந்த பாயைத் தைக்க வேண்டுமானால் முதலில் அதை மொத்தமாக விரிக்க வேண்டும். பிரிந்த இரண்டு ஓரங்களையும் சுருக்கமில்லாமல் சேர்த்து டேப்பால் ஒட்ட வேண்டும். கோணல் வந்தால் காற்று பிடிக்காது. எங்கள் பாய் ஒரு நீண்ட முக்கோணம். அதன் நீளப் பக்கம் இரண்டு கார்களை வரிசையாக நிறுத்தியதைவிட நீளம்.

எங்கள் அடையாறு ஃபிளாட்டின் ஹாலில் விரித்ததும், நுனி சமையலறைக்குள் போய் அடுப்பில் ஏறப் பார்த்தது. மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி, சோலார் ஹீட்டர், பதினெட்டு கொடிக்கயிறு, எல்லாவற்றுக்கும் மேலாக அசோசியேஷன் செயலாளர்.

“மாடி பொதுச் சொத்து. தனி நபர் கப்பல் வேலைக்கு அனுமதி கிடையாது” என்றார். அவருடைய ஊறுகாய் ஜாடிகள் அங்கே தனி நபராக வெயில் காய்ந்துகொண்டிருந்தன.

கடற்கரைக்குப் போகலாம் என்று நொச்சிக்குப்பத்துச் சாலையோரத்தில் விரித்தேன். பாதி விரிப்பதற்குள் காற்று அடித்து, பாய் எழுந்து, மீன் விற்றுக்கொண்டிருந்த ஓர் அக்காவின் வஞ்சிரத்தை மூடியது.

“ஏய், இன்னாமா இது? சர்க்கஸ் கீதா இங்க?”

“சாரிக்கா, பாய் தைக்கணும். இடம் இல்ல.”

“எடம் இல்லன்னா எம் மீனு மேலயா தைப்ப? தூக்குமா அப்பால!” என்று கத்தியவர், தூக்கவும் ஒரு கை கொடுத்தார். பாயில் அப்பிய மீன் செதில்களைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: “ஹால்ல போய் விரி. கல்யாண ஹால்ல. அங்கதான் இம்மாம் பெரிய தரை.”

ஆட்டோவில் வரும்போதுதான் எனக்கு உறைத்தது. சென்னை நடுவில், கூரையோடு, தூணில்லாமல், துடைத்த தரையோடு இருக்கிற ஒரே இடம் கல்யாண மண்டபம்.

அம்மாவோடு காலையில் நடக்கப் போகும் கூட்டத்தில் முரளி மாமா என்று ஒருவர். மயிலாப்பூரில் ஒரு மண்டபத்துக்கு மேனேஜர். விஷயத்தைச் சொன்னதும் பஞ்சாங்கத்தைத்தான் பார்த்தார்.

“செவ்வாய் அஷ்டமி, புதன் நவமி. யாரும் வரமாட்டா. ஹால் சும்மாத்தான் கெடக்கும், எடுத்துக்கோ. ஆனா புதன்கிழமை மத்யானத்துக்குள்ள காலி பண்ணிடணும். சாயங்காலம் ரிசப்ஷன்.”

“நவமியிலயா மாமா ரிசப்ஷன்?”

“வியாழன் தசமி, கார்த்தால முகூர்த்தம். முன்னாடி நாள் ரிசப்ஷன். ரிசப்ஷன்ங்கறது இங்கிலீஷ் ஃபங்ஷன்மா. அதுக்கு திதி கெடையாது, ராகு காலம் கெடையாது.” குரலைத் தாழ்த்தினார். “இன்னொண்ணு. இங்க சுப காரியம்தான் பண்ணலாம்னு டிரஸ்ட்ல ரூல். காதுகுத்துன்னு சொல்லி வெச்சுடறேன். யார் கேட்டாலும் நீயும் அப்படியே சொல்லிடு.”

செவ்வாய்க்கிழமை காலை வாட்ச்மேன் கேட்டார். “காது குத்தற கொயந்த எங்கம்மா?”

“வந்துகிட்டு இருக்குண்ணே” என்று ஆள் உயரப் பையை உள்ளே இழுத்துக்கொண்டு போனேன்.

ஊசி எடுக்காத நாள்

எத்திராஜ் அண்ணன் கோடம்பாக்கத்துக்காரர். ராஜா உடையிலிருந்து ரத்தம் தோய்ந்த சட்டைவரை படங்களுக்குத் தைத்தவர். பாயின் கெட்டித் துணியைத் தாங்குகிற பெரிய மெஷின் அவரிடம்தான் இருக்கிறது என்று மூன்று கடைக்காரர்கள் சொன்னார்கள். குட்டி யானை வேனில் மெஷினை ஏற்றிக்கொண்டு செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கே வந்துவிட்டார். பாயைச் சுற்றி ஒரு நடை நடந்தார்.

“எந்தப் படம்மா?”

“படம் இல்லண்ணே. நிஜப் படகு.”

“ரகசியமா வெச்சுக்க சொல்லிக்கீறாங்கோ. பரவால்ல. ஹீரோ யாருன்னு மட்டும் சொல்லு, யாராண்டயும் சொல்லமாட்டேன்.”

“ஹீரோ எங்க அண்ணன்ணே.”

“ஓ, சொந்தப் படம்” என்றார் பரிதாபமாக. “ஓரத்துல ஜரிக வெச்சுக்கலாம்மா. க்ளோசப்ல தூக்கினு நிக்கும்.”

வேண்டாம் என்றேன். மெஷினுக்கு எண்ணெய் போட்டார். நூல் கோத்தார். சந்தோஷமாகக் கிழிசலின் முனையைத் தூக்கிக் கொடுத்தேன். அவர் சேரை எடுத்துப் போட்டு, கால் நீட்டி உட்கார்ந்துவிட்டார்.

“என்னண்ணே?”

“இன்னிக்கு அஷ்டமிம்மா. அஷ்டமில நான் புது வேலைக்கு ஊசி எடுக்க மாட்டேன். ஒரு தபா எடுத்தேன், அந்தப் படமே டிராப்பாயிடுச்சு.”

“அப்ப ஏண்ணே வந்தீங்க?”

“நீ வர சொன்ன, வந்தேன்.”

மண்டபம் கிடைத்ததே அஷ்டமி என்பதால். தையல்காரர் தைக்காததும் அஷ்டமி என்பதால். நாளைக்கு நவமி, அதுவும் ஆகாது என்றார். நான் அறிவியல் பேசினேன். பூமி, நிலா, சுற்றுப்பாதை எல்லாவற்றையும் கையால் வரைந்து காட்டினேன். கவனமாகக் கேட்டுவிட்டு, “அதே நெலாவாலதாம்மா அஷ்டமி வருது” என்றார். அன்று முழுக்க அவர் டீ குடித்தார், நான் தவழ்ந்து தவழ்ந்து டேப் ஒட்டினேன். சாயங்காலம் அருண் போன் செய்தான்.

“எவ்வளவு ஆச்சு?”

“ஒட்டியாச்சு” என்றேன். பொய் இல்லை.

பின்னால் தண்ணீர் படகில் தட்டும் சத்தம் கேட்டது. “அந்த ஆள் ஜன்னலுக்கு அளவெடுக்க இன்னிக்கே ஆள் அனுப்பிட்டார், நித்தி. சாக்பீஸால கோடு போட்டுட்டுப் போயிருக்கான்” என்றான்.

கொசுவின் வயிற்றில் சாக்பீஸ் கோடு. மறுநாள் காலை மண்டபத்தில் எத்திராஜ் அண்ணன் முதல் டீயை ஊதும்போதே போய் நின்றேன்.

“அண்ணே, கிழிஞ்ச சட்டைய ஒட்டுப் போட நாள் பாப்பீங்களா?”

“அதுக்கு எதுக்கு நாளு? ரிப்பேரு.”

“இதுவும் ரிப்பேருதான?”

டம்ளரை வைத்துவிட்டு என்னை முறைத்தார். “அத மொதல்லியே சொல்றதுக்கு இன்னா? நீ தைக்கணும்னு சொன்ன. ரிப்பேருன்னு ஒரு வார்த்த சொல்லிருந்தா நேத்தே முடிச்சிருப்பேன்ல. படிச்ச பொண்ணு!”

மெஷின் ஓட ஆரம்பித்தது. துணியின் மேல் அது இறங்கும் ஒவ்வொரு ‘டக்’கும் எனக்குக் கச்சேரி. நான் பாயைச் சுருட்டித் தள்ள, அவர் இழுக்க, பாதித் தையல் ஆனது. இழுத்ததில் டேப் விட்டுப்போன ஓர் இடத்தை மறுபடி ஒட்ட நான் முட்டி போட்டபோதுதான் பட்டுப்புடவை உள்ளே வந்து, செருப்போடு பாய் மேல் ஏறியது.

பெண் பெயரை மாற்றவா, மாப்பிள்ளையை மாற்றவா

அவர் பெயர் செண்பகம். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து, ரங்கநாதன் தெருவில் பாத்திரக்கடை வைத்திருக்கும் குடும்பம். சாயங்கால ரிசப்ஷனின் பெண்ணுக்கு அம்மா. நாலு மணிக்கு வர வேண்டியவர், பதினோரு மணிக்கே ஏன் வந்தார் என்பதை அவரே போனை என் முகத்துக்கு நேராக நீட்டிக் காட்டினார்.

மேடைக்குப் பின்னால் கட்ட வேண்டிய பெரிய பேனரின் படம். அதில் ஓர் ஆணும் பெண்ணும் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

“அழகா இருக்காங்கம்மா” என்றேன்.

“அழகா இருந்து என்ன செய்ய? எம்பொண்ணு இல்லையே அது! யாரோ பவித்ராவாம், தினேஷாம். அச்சடிக்கிறவன் மாத்திக் குடுத்துட்டான். கேட்டா ராத்திரிக்குள்ள வேற அடிச்சித் தாரேங்கான். ஆறு மணிக்கு மாப்ள வீட்டுக்காரவ வந்துருவாவ. நான் என்ன செய்யட்டும், சொல்லு. எம்பொண்ணு பேர மாத்தவா, மாப்ளய மாத்தவா?”

மேடையைப் பார்த்தேன். பேனர் இல்லாவிட்டால் பின்னால் இருப்பது ஓதம் ஏறிய சுவர், ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன், பாதி பிய்ந்த சுவிட்ச் போர்டு.

“வெள்ளத் துணி வாங்கிக் கட்டிரலாம்னு மச்சான மாம்பலத்துக்கு அனுப்பிருக்கேன். முகூர்த்தக் கூட்டத்துல அவரு எங்க நிக்காரோ. துணி வந்தாலும் இத்தா நீளத்துக்குச் சேத்துத் தைக்கணும்லா? தையக்காரன எங்க போய்ப் பிடிக்க?”

சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்தினார். எத்திராஜ் அண்ணனைப் பார்த்தார். காலடியில் இருந்த வெள்ளைத் துணியைப் பார்த்தார். செருப்பை மெதுவாகக் கழற்றினார். பாத்திரக்கடைக்காரர் அல்லவா, குனிந்து பாயை விரல் மடக்கித் தட்டிப் பார்த்தார்.

“நல்ல கெட்டியா இருக்கு.”

“அம்மா, இது நாளன்னிக்கு விமானம் ஏறணும். இது இல்லன்னா எங்க அண்ணன் படக வித்துருவான்.”

“ஒரு ராத்திரி தாயி. நாளைக்குத் தாலி கட்டினதும் நீ எடுத்துக்கோ. சாயங்காலம் மட்டும் எங்க மேடைக்குப் பின்னால நிக்கட்டும்.”

“மத்தியானத்துக்குள்ள நான் ஹால காலி பண்ணணுமே, தையலே பாதிதான் ஆயிருக்கு.”

“அத நான் பாத்துக்கிடுதேன். சேர் போடுதவன் நாலு மணிக்கு வரட்டும். யாரு கேக்கா?”

இதைவிட நல்ல பேரம் எனக்குக் கிடைக்காது. அவரிடம் தரை இருந்தது, என்னிடம் துணியும் ஆளும். ஒரே ஒரு நிபந்தனை போட்டேன். பாயின் ஓரத்தில் இருக்கும் இரும்பு வளையங்களில் கயிறு போட்டு மட்டும்தான் கட்ட வேண்டும். குண்டூசி கூடாது, ஆணி கூடாது, பசை கூடவே கூடாது.

“எங்க டெகரேசன்காரன்ட்ட கண்டிசனாச் சொல்லிருதேன்” என்றார். சொல்லவும் செய்தார். அதை நானே கேட்டேன்.

மூன்றரைக்குத் தையல் முடிந்தது. இரண்டு கையாலும் பிடித்து இழுத்துப் பார்த்தேன். இரும்பு. நான்கரைக்கு மேடையில் ஏற்றினோம். முக்கோணத்தை எப்படிக் கட்டினாலும் முக்கோணம்தானே. நீளப் பக்கத்தை மேலே படுக்கைவசமாகக் கட்டினோம். சரிந்து குறையும் மூலையை மறைக்க எத்திராஜ் அண்ணன் ஒரு சிவப்புத் துணியைக் கொசுவிக் கட்டினார். விளக்கைப் போட்டதும், சத்தியமாகச் சொல்கிறேன், நன்றாக இருந்தது. செண்பகம் அம்மா என் கன்னத்தை வழித்து தன் நெற்றியில் சொடுக்கு முறித்தார்.

“நீயும் சாப்பிட வந்திரணும். பட்டுப்புடவ கட்டிட்டு வா.”

தலை சாய்த்த விருந்தினர்

அடையாறு போய், குளித்து, அம்மாவின் புடவையில் என்னைச் சுற்றிக்கொண்டு திரும்பும்போது ஏழு மணி. பன்னீர் தெளித்துக்கொண்டு உள்ளே நுழைந்தேன். மேடையில் பெண் ஸ்வேதாவும் மாப்பிள்ளை விக்னேஷும் சிரித்தபடி நின்றார்கள். அவர்களுக்குப் பின்னால் என் பாய். என் பாயின் மேல் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம்வரை, ஆளுயரத்தில் பாதி உயர ஆங்கில எழுத்துகளில், தங்க நிறத்தில், தெர்மகோலில்:

ஸ்வேதா வெட்ஸ் விக்னேஷ்.

எத்திராஜ் அண்ணன் முதல் வரிசையில் ரோஸ்மில்க் குடித்துக்கொண்டிருந்தார்.

“அண்ணே, என்னண்ணே இது?”

“பேரு. பேர் இல்லாத ஒரு கல்யாண மேடைய நீ பாத்துக்கீறியா? பாவம்மா, அந்தம்மா மூஞ்சியே சரியில்ல. நானே வெட்டி ஒட்டினேன். செட்டு வேலக்கு போடற ரப்பர் பசை. புயல் அடிச்சாலும் வராது.”

“பசை கூடாதுன்னு சொன்னேனே!”

“டெகரேசன்காரனாண்டல்ல சொன்ன? நான் டைலரு.”

மேடையில் போய்ப் பிய்க்க முடியுமா? முந்நூறு பேர் பார்க்க, மாப்பிள்ளை வீட்டுக்கு முன்னால், மணப்பெண்ணின் பெயரை? நாற்காலியில் உட்கார்ந்தேன். பக்கத்தில் மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர், தலையைத் தோள்வரை சாய்த்து மேடையை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்த்தால் அந்த வரிசை முழுக்கத் தலைகள் சாய்ந்திருந்தன. அப்புறம்தான் புரிந்தது. ஒவ்வொரு பாய்க்கும் ஓர் எண் உண்டு. எங்களுடையது 417. பாயைப் படுக்கவைத்ததால் அந்த எண் பக்கவாட்டில் படுத்திருந்தது.

“நாலு, பதினேழு” என்றார் பெரியவர். “ஏப்ரல் பதினேழு. ஏம்ப்பா விக்னேஷ், பொண்ணு பாத்தது ஐப்பசிலல்லா? அப்ப ஏப்ரல்ல என்ன நடந்துச்சு?”

வரிசை முழுக்க மாப்பிள்ளையைப் பார்த்தது. செண்பகம் அம்மா சந்தனக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு என்னைத் தேடிப் பார்த்தார். மாப்பிள்ளை ஒரு தடவை பின்னால் திரும்பினான். பாயைப் பார்த்தான். அது என்னவென்று அவனுக்கு எள்ளளவும் தெரியாது.

“என் பைக் நம்பர் பெரியப்பா” என்றான்.

தலைகள் எல்லாம் நிமிர்ந்தன. ஸ்வேதா அவனை ஓரக்கண்ணால் பார்த்த பார்வையில், நான் வந்ததிலிருந்து முதல் தடவையாக ஒரு நிஜச் சிரிப்பு இருந்தது. எனக்கும் கொஞ்சம் கோபம் இறங்கியது. போய் இரண்டு தடவை ரசமலாய் வாங்கிக்கொண்டேன்.

வராத பசை

வியாழக்கிழமை தாலி ஏறியதும் பாயை இறக்கினோம். தெர்மகோல் வந்தது. தங்கக் காகிதமும் பசையும் வரவில்லை. தேங்காய் எண்ணெய் போட்டேன், வெந்நீர் போட்டேன், தோசைக் கரண்டியால் சுரண்டினேன். எழுத்துகள் இன்னும் பளபளப்பாயின. அம்மா நெயில் பாலிஷ் எடுக்கிற திரவத்தைக் கொண்டுவந்தாள், துணி போய்விடும் என்று நான் அலறினேன். கடைசியில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து அருணுக்கு போன் செய்தேன்.

“தையல் எப்படி இருக்கு?” என்றான்.

“தையல் இரும்பு மாதிரி இருக்கு. ஆனா அருண், அதுல ஒரு கல்யாணம் ஒட்டியிருக்கு.”

முழுக்கதையும் சொன்னேன்.

“காத்து படிக்கவா போகுது? கொண்டு வா” என்றான்.

சனிக்கிழமை சாயங்காலம் கொசுவின் மேல் நின்று பாயை ஏற்றினோம். வயிற்றில் சாக்பீஸ் கோடு அப்படியே இருந்தது. பாய் மேலே போகப் போக, மேடையில் படுத்திருந்த பெயர்கள் இப்போது மரத்தோடு நிமிர்ந்து, எழுத்து எழுத்தாகப் பக்கவாட்டில் ஏறின. காற்று உள்ளே புகுந்து துணி ‘டப்’பென்று நிறைந்தது. நான் தையலைப் பார்த்தேன். அருண் தையலைப் பார்த்தான். ஒரு நூல் அசையவில்லை. தங்க எழுத்து எல்லாம் சாயங்கால வெயிலில் பளீரென்று எரிந்தது.

அவன் சிரிக்க ஆரம்பித்தான். முதலில் தோள் மட்டும் குலுங்கியது. பிறகு டெக்கில் உட்கார்ந்துவிட்டான், கண்ணில் தண்ணீர் வர. அவன் அப்படிச் சிரித்து எத்தனை மாதம் ஆகியிருக்கும்! சிரித்து முடித்ததும் ஒரு துணியை நனைத்து, படகின் ஓரத்தில் குப்புறப் படுத்து, சாக்பீஸ் கோட்டைத் துடைத்தான். அப்புறம்தான் ரிசார்ட்காரருக்கு போன் போட்டான்.

பக்கத்துப் படகிலிருந்து வெளிநாட்டுத் தாத்தா பாட்டி இருவர் தலையைச் சாய்த்துப் படித்துவிட்டு, சின்ன ரப்பர்ப் படகில் துடுப்புப் போட்டு வந்தார்கள். எங்கள் இரண்டு பேரையும் கட்டிப்பிடித்து வாழ்த்தி, ஒரு கேக்கைக் கொடுத்தார்கள். அண்ணன் தங்கை என்று விளக்குவதற்குள் பாட்டி அழுதுவிட்டார். விளக்கிய பிறகு இன்னும் குழம்பினார். கேக் நன்றாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை விடியலில் நங்கூரத்தை எடுத்துத் தெற்கே திரும்பினோம். மதியம் வரை எதுவும் உடையவில்லை. அதுவே சந்தேகமாக இருந்தது. அருண் சுக்கானைப் பிடித்திருந்தான். நான் படகின் மூக்கில் கால் தொங்கவிட்டு உட்கார்ந்தேன், கையில் தாம்பூலப் பையில் வந்த தேங்காயோடு.

தூரத்தில் ஒரு ரோந்துப் படகு தெரிந்தது. எங்களை நோக்கித் திரும்பி, வேகத்தைக் குறைத்தது. கொசு என்ற பெயர் படகின் பின்பக்கத்தில், கையகல எழுத்தில் இருக்கிறது. அங்கிருந்து அது தெரிய வழியில்லை. மேல்தட்டில் ஒருவர் பைனாகுலரோடு தலையைச் சாய்ப்பது தெரிந்தது. பிறகு எங்கள் ரேடியோ கரகரத்தது. அதிகாரமான குரல், சுத்தமான ஆங்கில உச்சரிப்பு.

“ஸ்வேதா வெட்ஸ் விக்னேஷ், ஸ்வேதா வெட்ஸ் விக்னேஷ். நீங்கள் எங்கே போகிறீர்கள்? படகில் எத்தனை பேர்?”

அருண் என்னைப் பார்த்தான். நான் இறங்கிப் போய் மைக்கை எடுத்தேன். விளக்கம் சொல்ல ஆரம்பித்தால் காற்று போய்விடும்.

“ஸ்வேதா வெட்ஸ் விக்னேஷ் பேசுகிறேன்” என்றேன். “தெற்கே. இரண்டு பேர்.”